பத்து மணி முகூர்த்தம்

"நான் போகலைன்னா கிள்ளான்ல அந்தப் பத்து மணிக் கல்யாணம் நடக்காது, அண்ணே" என்றாள் நல்லம்மாள்.

வானொலி நிலையத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த ரமணிக்குக் கோபம் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீட்டில் பிறந்த பெண் ஒருத்தி வாராவாரம் வானொலியில் பாட வேண்டும் என்று ஆறு மாதமாக ஜப்பான் அதிகாரியின் பின்னால் நடந்து செருப்புத் தேய்ந்தவன் அவன். ஞாயிறு காலை பத்து மணிக்குக் குரல் கேட்க அதிகாரி ஒருவழியாகச் சம்மதித்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை இவளே போட்டு உடைக்கிறாள்.

"கிள்ளான்ல பாட வேற ஆளே இல்லையா?"

"பாட ஆள் இருக்கு. நான்தான் போகாம முடியாது."

"போன ஞாயிறும் கல்யாணம்னு காஜாங் போனே."

"காஜாங் அரிசி முந்தாநாளே தீர்ந்துபோச்சு."

வாசலில் நாற்பது பிள்ளைகள் தகரக் குவளையோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பன்மாரைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருடம் ஆகிறது. மதியக் கஞ்சி நல்லம்மாள் ஊற்றுவதுதான். கடையில் அரிசி கிடையாது. கல்யாண வீட்டுக்கு மட்டும் அந்தந்த ஊர் உணவு ஆபீஸ் ஒரு மூட்டை கொடுக்கும். பாட்டுக் கூலியாக அதில் பங்கு கேட்டு வாங்கி வருகிறாள் போலும் என்று நினைத்தான் ரமணி.

"வானொலியில சேர்ந்தா மாசாமாசம் உனக்கு அரிசி உண்டும்மா."

"எனக்கு மட்டும்தானே, அண்ணே."

ரமணி அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

"சரி, கன்னையாவையாவது விட்டுட்டுப் போ. அவர் வந்து நேரம் மாத்தக் கேக்கட்டும்."

அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த ஆர்மோனியக்காரர் கன்னையா தலையைத் தூக்கவில்லை.

"அவர் இல்லாமலும் நடக்காது" என்றாள் நல்லம்மாள்.

நாலு பேர் கைதட்டியதும் எவ்வளவு தலைக்கனம் பாருங்கள். ஆனாலும் ரமணிக்கு மனசு கேட்கவில்லை. அதிகாரியிடம் குனிந்து குனிந்து கும்பிட்டுப் பத்து மணியை மூன்று மணியாக்கினான். ஞாயிறு காலை, கரியில் ஓடும் லோரி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனான்.

பந்தலில் இருபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் உணவு ஆபீஸ் கிராணி, மடியில் முத்திரைக் கட்டையோடு.

"தாலி ஏறினதைக் கண்ணால பார்த்தாத்தான் அரிசிச் சீட்டுல முத்திரை குத்துவாராம்" என்றாள் பக்கத்திலிருந்த, நல்லம்மாளின் அடுத்த வீட்டு வீரம்மா.

யாரோ ஒரு பெரியவர் பாடிக்கொண்டிருந்தார்.

"நல்லம்மா எங்கே, அக்கா?"

வீரம்மா மணவறையைக் காட்டினாள்.

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண்தான் நல்லம்மாள். தலைப்பாகை கட்டிக்கொண்டு பக்கத்தில் கன்னையா. மேளம் கொட்ட, கன்னையா மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அட்சதைக்கு அரிசியை வீணாக்காமல் செம்பருத்தி இதழைத் தூவினார்கள்.

ரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக் கல்யாணத்தைச் சொல்லக் கூச்சப்பட்ட பெண்ணைத் தலைக்கனம் என்று நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவனும் இரண்டு கை நிறைய இதழ் தூவினான்.

கிராணி முத்திரையைக் குத்தினார், மணமக்களை வாழ்த்தினார், சைக்கிளில் ஏறிப் போனார்.

சைக்கிள் முனை திரும்பியதும் நல்லம்மாள் மாலையைக் கழற்றினாள். மஞ்சள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வீரம்மாவிடம் கொடுத்தாள்.

"பத்திரம், அக்கா. மூணு ஊர் பார்த்த கயிறு, நைஞ்சிருக்கு."

பிறகு ரமணியிடம் வந்தாள்.

"போலாம், அண்ணே. எந்தக் கிழமைன்னாலும் பாடறேன்னு அதிகாரிகிட்டச் சொல்லுங்க. அடுத்த ஞாயிறு மட்டும் வேணாம்லா, காப்பார்ல எங்களுக்குக் கல்யாணம்."