நாலு துப்பாக்கிக்கு ஒரே மருந்து

"நாலு துப்பாக்கிக்கும் ஒரே மருந்தா? அதுவும் உங்க வீட்டுலயா?" துப்பாக்கிக் கடைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்த ஹெர்ஷல் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னிக்கு மழைதான் கொட்டப்போகுது, மார்லிஸ்!"

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, நான்கு காலித் தோட்டாக்களைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் நிறுத்தினாள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று தடி, ஒன்றுக்குக் கழுத்து சிறுத்திருந்தது.

மொன்டானாவின் அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் தோட்டாவைக் கடையில் வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைப் பத்திரமாக எடுத்துவந்து, தாங்களே மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்வார்கள். எந்த மருந்து என்பதில்தான் அண்ணன் தம்பிக்குள்ளேயே குடுமிப்பிடி.

"கர்ட் அண்ணனுக்கு மெதுவா எரியற மருந்துதான் வேணும். டுவேன் அதைக் கையாலயும் தொடமாட்டான். லைல் இருக்கானே, அவங்க ரெண்டு பேரும் எதைச் சொன்னாலும் வேண்டாம்பான்" என்றாள் மார்லிஸ். "சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொடங்குது. நாங்க நாலு பேரும் அப்பாவோட மேட்டுமேல ஒண்ணா நிக்கணும். அவர் எங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான், ஹெர்ஷல்."

"நில்லும்மா. அதுக்கு எதுக்கு ஒரே மருந்து? அவனவன் துப்பாக்கிக்கு அவனவன் போட்டுக்கட்டும்."

"ஒரே டப்பாவுலேருந்துதான் எடுக்கணுமாம். உனக்குக் கூட, எனக்குக் குறைச்சல்னு யாரும் சண்டை போடக்கூடாதாம்."

அம்மா போனபிறகு மேய்ச்சல் நிலத்தைப் பங்கு போட்டதில் மூன்று ஆண்பிள்ளைகளுக்கும் பேச்சு அறுந்துபோயிருந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒருவன் வண்டி கிளம்பியபிறகுதான் அடுத்தவன் வண்டி வாசலுக்கு வரும். நடுவில் கிடந்து அல்லாடுவது மார்லிஸ். இந்தச் சனிக்கிழமையையும் விட்டால் இனி அவர்கள் ஜென்மத்துக்கும் சேரமாட்டார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. உள்ளூர்க் கடைக்குப் போக மனம் வரவில்லை. அங்கே ஆளாளுக்கு எதையாவது கேட்பார்கள். அதனால்தான் மலையைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"அதிருக்கட்டும், உங்கப்பன் எங்கே? என்னோட சண்டை போடாம ஆர்வின் எப்பவும் மருந்து வாங்கமாட்டானே?"

"வண்டியிலதான் இருக்கார்."

சொல்லிவிட்டு அவள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹெர்ஷல் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். வண்டிக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. ஆர்வினின் ஆரஞ்சு வேட்டைத் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஹெர்ஷல் கையை ஆட்டினார். இன்னொரு தடவை பலமாக ஆட்டினார்.

"பதிலுக்கு ஆட்டறானா பாரு, பிடிவாதம் பிடிச்சவன்! போன வருஷம் நான் சொன்ன மருந்தைத் தக்காளிச் செடிக்கு உரமாப் போடத்தான் லாயக்குன்னுட்டுப் போனான். கோச்சுக்க வேண்டியது நானா, அவனா?"

"கோபமெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரியிலகூட உங்களைப் பத்தித்தான் பேசினார்."

"ஆஸ்பத்திரியா? என்னம்மா ஆச்சு?"

"நுரையீரல்." மார்லிஸ் அலமாரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப வலியெல்லாம் இல்ல."

"அப்பாடா, பயமுறுத்திட்டே!" ஹெர்ஷல் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கித் தூசி தட்டினார். "அவன் கிண்டல் பண்ணின அதே மருந்து. இது எந்தத் துப்பாக்கிக்கும் முதல் இடத்துல வர்ற மருந்து இல்ல. ஆனா உன் நாலு துப்பாக்கிக்கும் ரெண்டாவது இடம். ரொம்ப வேகமும் இல்ல, மந்தமும் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் அளவு மட்டும் வேற, புஸ்தகத்தைப் பார்த்துப் போடு. உங்க வீட்டுல யாராவது இதைப் போடறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

"நல்லதாப் போச்சு. எவனும் ஜெயிச்சேன்னு மார்தட்ட முடியாது."

மார்லிஸ் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து சொல்ல நினைத்த வார்த்தையை அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஓர் அசட்டு எண்ணம்.

"இரு, நானும் வரேன்" என்றார் ஹெர்ஷல். அடுப்பு மேலிருந்த காபியைக் காகிதக் கோப்பையில் ஊற்றி, மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். ஆர்வினுக்கு அப்படித்தான் வேண்டும். "என் மருந்தைத்தானே கடைசியில நீ வாங்கினேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டாத்தான் எனக்கு இன்னிக்குத் தூக்கம் வரும்."

"வேண்டாம், ஹெர்ஷல்..."

அவர் காதில் வாங்கவில்லை. பனியைச் சரக் சரக்கென்று மிதித்துக்கொண்டு முன்னால் போய், வண்டிக் கதவை விரியத் திறந்தார்.

"டேய் ஆர்வின், தக்காளிச் செடிக்கு..."

தொப்பி, இருக்கையின் தலைமாட்டில் மாட்டியிருந்தது. அதன் கீழே, பெல்ட் போட்டு இறுக்கிய ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது.

கையிலிருந்த காபியை என்ன செய்வதென்று தெரியாமல் ஹெர்ஷல் நின்றார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மார்லிஸ் பெட்டியை ஒட்டினாற்போல் மருந்து டப்பாவை வைத்தாள்.

"அப்பாவோட சாம்பல். சனிக்கிழமை விடியறப்ப மேட்டுமேலேருந்து நாலு பேரும் சேர்ந்து தன்னைச் சுட்டு அனுப்பணும்னு சொல்லிட்டுப் போனார்" என்றாள். "நாலு தோட்டாவுலயும் உங்க மருந்து, ஹெர்ஷல். கூடவே ஆளுக்கொரு சிட்டிகை அப்பா."