வெறும் இரும்பு

திருப்போரூர் ஜம்புலிங்கம் பட்டறைக்குள் நுழைவதைப் பார்த்ததும், பூவராகவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்குவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். லாரிச் சக்கரத்துக்குள்ளேயே முகத்தை நுழைப்பதுபோல் குனிந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் இதே ஜம்புலிங்கம் மகனோடு பூவராகவன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். மகள் அமிர்தவல்லியை அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

"லாரிக்காரங்க, பெரிய இடம்" என்று தரகர் முன்பே காதில் போட்டிருந்தார். அந்த மிரட்சியில், சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த பூவராகவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். "எனக்கும் சொந்தமா லாரிப் பட்டறை கீதுங்க." கதவோரம் நின்ற மனைவி சந்திரம்மா தலையைக் குனிந்துகொண்டது இன்னும் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பட்டறை ராஜாராமுடையது. பூவராகவன் அங்கே கூலிக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஆயுத பூஜை நெருங்கிவிட்டதால் செங்கல்பட்டு லாரிகளில் பாதி அங்கேதான் நின்றன. காலையில் ராஜாராம் காட்டிய சக்கரங்களை, யார் வண்டி என்றுகூடக் கேட்காமல் சுரண்டத் தொடங்கியிருந்தார். யுத்த காலத்து மிலிட்டரி லாரி. முப்பது வருஷப் பெயிண்ட் உரிந்து, இப்போதுதான் வெறும் இரும்பு தெரிந்தது.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கி முடிஞ்சிடுமா?" ஜம்புலிங்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். அது அவர் வண்டி என்று பூவராகவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பிரைமர் காயணும். நாளைக்கிதான் பெயிண்டு." துண்டுக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. "இன்னா கலரு அடிக்கணும்?"

"கேட்டுட்டு வந்து சொல்றேன்."

வீட்டில் கேட்பார் போலிருக்கிறது என்று நினைத்தபடி, பூவராகவன் பிரஷைச் சிவப்புப் பிரைமரில் தோய்த்தார்.

"பிரைமர் இல்லாம நேரா பெயிண்டே அடிச்சிட்டா இன்னா?"

"வெறும் இரும்புல நிக்காதுங்க. நாலு மழையில உரிஞ்சி பல்ல இளிச்சிடும்." சொல்லிவிட்டு அவருக்கே சுருக்கென்றது.

ஜம்புலிங்கம் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "இந்த ஊர்ல பூவராகவன்னு ஒருத்தர் பட்டறை வெச்சிகினு கீறாராமே, தெரியுமா?"

பிரஷ் நின்றுவிட்டது. "தெரியும்."

"இந்தப் பக்கம் வருவாரா?"

"இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"அவர் பொண்ணத்தான் எம் பையனுக்கு எடுக்கறோம். தங்கமான மனுஷன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, மனசுல ஒரு சூது கெடையாது."

அதற்கு மேல் பூவராகவனால் தாங்க முடியவில்லை. கன்னத்தில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. பிரஷைக் கீழே வைத்தார். துண்டை அவிழ்த்தார். பிரைமர் தெறித்த அந்த முகத்தை ஜம்புலிங்கம் கண் இமைக்காமல் பார்த்தார்.

"நான்தாங்க பூவராகவன். பட்டறை என்னுது இல்ல. இங்க கூலிக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். நீங்க பெரிய இடமாச்சேன்னு பொய் சொல்லிட்டேன்." துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டார். "எம் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லீங்க. இந்தப் பொய் வாணாம்னு அவ அன்னிக்கே அழுதா."

ஜம்புலிங்கம் ஸ்டூலைவிட்டு எழுந்தார். போகப் போகிறார் என்று பூவராகவன் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போய் அமிர்தவல்லியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது, ஜம்புலிங்கம் அந்த எண்ணெய்த் தரையிலேயே அவருக்கு எதிரே குந்தியிருந்தார். நிமிர்ந்து பார்க்க அவராலும் முடியவில்லை.

"லாரியும் என்னுது இல்ல, சம்பந்தி."