இடது கண்ணில் மட்டும்

முதல் வாய்ச் சாப்பாட்டை வாயில் வைத்ததுமே மாமனார் அழுதார்.

சத்தமில்லை, விசும்பலில்லை. இடது கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று தண்ணீர். வலது கண் 'எனக்கென்ன வந்தது' என்று சும்மா இருந்தது.

"காரமா மாமா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு." கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அடுத்த வாய். மறுபடியும் கண்ணீர்.

டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் இருந்தவரை மருமகள்தான் கெஞ்சி வரவழைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையோடு அவளுடைய பிரசவ விடுப்பு முடிகிறது. குழந்தை இரண்டு தடவை தும்மினால் டாக்டருக்குப் போன் போடுகிறவள் அவள். முன்பின் தெரியாதவர்கள் கையில் அவனைக் கொடுத்துவிட்டுப் போக நெஞ்சு துணியவில்லை.

மறுநாள் மிளகாயே சேர்க்காமல் சமைத்தாள். அழுதார். அதற்கு மறுநாள் வெங்காயத்தையும் நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் அழுதார்.

ஜன்னல் வழியே பார்த்துவிட்ட பக்கத்து வீட்டு அக்கா, அவளை வாசலில் மடக்கினாள்.

"தப்பா எடுத்துக்காதே. சம்பளமில்லாத ஆயான்னு பெரியவரைக் கூட்டிட்டு வந்தாச்சு. சாப்பாட்டையாவது சந்தோஷமா போடக் கூடாதா?"

இது போதாதென்று நாத்தனார் போன் செய்தாள்.

"தம்பி சொன்னான். எங்க வீட்டுல ஆறு மாசம் இருந்தார். ஒரு நாள், ஒரு பொழுது அப்பா கண்ணுல தண்ணி பார்த்ததில்லை. அங்க நீ என்னதான் பண்றே?"

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. சாயங்காலம் கணவன் வீடு திரும்பியதும் சமையலறையில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அப்பாவுக்கு இங்க இருக்கப் பிடிக்கலை. அதை வாயால சொல்லாம கண்ணால சொல்றார்."

"அம்மா ஞாபகம் வந்திருக்கும்."

"சாப்பிடும்போது மட்டும் வருமா? அதுவும் ஒரு கண்ணுக்கு மட்டும் வருமா? இது முதலைக் கண்ணீருங்க. அவரை உங்க அக்கா வீட்டுக்கே அனுப்பிடுங்க. குழந்தையை நான் காப்பகத்துல விட்டுக்கறேன்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. காப்பகத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். இருபது குழந்தைகளுக்கு அங்கே இரண்டே பேர்.

கதவோரம் நிழலாடியது. காலி தம்ளரை வைக்க வந்த மாமனார்.

அவள் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு லேசாக ஒரு பக்கம் கோணியது.

"டாக்டரும் அந்தப் பேர்தாம்மா சொன்னார். முதலைக் கண்ணீர்."

"மாமா, நான்..."

"நிஜமாவே வியாதிக்குப் பேரே அதுதான். நான் தனியா இருந்தப்ப முகவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. கொஞ்ச நாள்ல சரியாயிடுச்சுன்னு யார்கிட்டயும் சொல்லலை. ஆனா அறுந்த நரம்பு மறுபடி வளரும்போது வழி மாறிப்போச்சாம். வாயில எச்சில் ஊற வைக்கிற நரம்பு கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. ஊரு லைனையெல்லாம் ஒட்டினவன் மூஞ்சியிலேயே லைன் மாறிப்போச்சு பாரு. வாய்க்கு வர வேண்டிய போன் கால் கண்ணுக்குப் போகுது. ராங் நம்பர்."

"இதுக்கும் முதலைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றான் கணவன்.

"அதுவும் இரை தின்னும்போது நிஜமாவே கண்ணீர் விடுமாம்டா. அதுக்குத் துக்கமும் கிடையாது, நடிப்பும் கிடையாது. நாமதான் பாவம் அது மேல பழியைப் போட்டுட்டோம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "அப்ப அண்ணி வீட்டுல ஏன் மாமா வரலை?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு ரத்தக் கொதிப்பு. அதனால வீட்டுக்கே உப்பில்லாத சாப்பாடு. வாயில ஊறினாத்தானேம்மா கண்ணுல ஊறும்? அவகிட்ட சொல்லிடாதே. நீ சமைச்சதைச் சாப்பிட்ட முதல் நாளே எனக்குக் கைக்குட்டை போதலை."

கணவன் குபீரென்று சிரித்துவிட்டான். அவளால் சிரிக்க முடியவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா. உங்களுக்கு என் சமையல் பிடிக்கலை, என்னையே பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகம் இழுத்துக்கிட்ட கிழவன்னு தெரிஞ்சா குழந்தையை என்கிட்ட கொடுப்பியோ மாட்டியோன்னு ஒரு பயம்மா. அந்தப் பயத்துல வாயை மூடிக்கிட்டேன்."

இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் பயம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள் அவள்.

நேராக உள்ளே போனாள். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிவந்து, அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, மடியில் வைத்தாள்.

"திங்கக்கிழமை காலையில நான் சீக்கிரமே கிளம்பிடுவேன் மாமா. முதுகைத் தட்டிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா உடனே முழிச்சுக்குவான். நடுநடுவுல நான் போன் பண்ணுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"பத்து தடவை பண்ணு. நான் போன்லயே பொழைச்சவன்."

"இருங்க, சாப்பாடு எடுத்துட்டு வரேன். மிளகாய், வெங்காயம் எல்லாம் போட்டுத்தான் செஞ்சிருக்கேன். இன்னிக்கு எல்லாரும் ஒண்ணாவே உட்கார்ந்து சாப்பிடலாம்."

வெறும் தட்டோடு திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"என்ன மாமா, நான் இன்னும் பரிமாறவே இல்லையே?"

குழந்தையின் முதுகைத் தட்டுவதை நிறுத்தாமல், மற்ற கையால் அவர் வலது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது ராங் நம்பர் இல்லம்மா."