நடுவில் ஒரு நாக்கு

உருளைக்கிழங்கு உரித்த கையைக் கழுவக்கூட விடாமல் சமையல்காரியைப் பார்வையாளர் அறைக்கு அனுப்பினார் வார்டன்.

“உங்க மலைக்காரங்க ஒருத்தங்க வந்திருக்காங்க. சட்டுன்னு பேசி அனுப்பிட்டு வாங்க.”

மலைப்பிள்ளைகள் படிப்பதற்காக அரசாங்கம் கட்டிய விடுதி அது. சாப்பாடு, உடுப்பு, தலைக்கு எண்ணெய் வரை இலவசம். ஆனால் அங்கே வேலை செய்பவர்களில் மலைப்பேச்சு தெரிந்த ஒரே ஆள் சமையல்காரிதான். கல்யாணமாகிக் கீழே இறங்கி வந்தவள். பெற்றவர்கள் யார் வந்தாலும் அடுப்படியிலிருந்து அவளைத்தான் இழுப்பார்கள்.

அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. மத்தளத்துக்குக் கிடைக்கிற கூலிதான், இரண்டு பக்கமும் இடி.

அறையில் அம்மாக்காரி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். இருட்டோடு கிளம்பி, காட்டுவழி இறங்கி, பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கிறாள்.

மகள் ஜன்னலோரம் நின்றாள். தேய்த்துப் போட்ட சீருடை.

பால்பல் விழாத வயதில் விடுதிக்கு வந்தவள். மலைப்பேச்சு பேசினால் படிப்பு ஏறாது என்று அப்போதிருந்த வார்டன் தடை போட்டிருந்தார். விடுமுறைக்கும் சிறப்பு வகுப்பு என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். படிப்பு நன்றாகவே ஏறியது. மலைப்பேச்சில் சோறு, தண்ணீர், வா என்று நாலைந்து சொற்கள் மட்டும் அவளிடம் தங்கின.

இந்த வருஷம் எல்லா விடுதிகளுக்கும் சேர்த்து அவள்தான் முதல். வெள்ளிக்கிழமை விழா. அமைச்சர் வருகிறார். பெற்றவர்களும் மேடையேற வேண்டும் என்று மலைக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்கள். எப்போது வர வேண்டும் என்று கேட்டுப் போக வந்ததாக அம்மா மலைப்பேச்சில் சொன்னாள்.

சமையல்காரி அதைக் கீழ்ப்பேச்சில் மகளிடம் கேட்டாள்.

மகள் தரையைப் பார்த்தாள்.

“அக்கா, விழாவுக்கு வர வேணாம்னு சொல்லிடுங்க. மேடையில என்னமாச்சும் கேட்டா இவங்க முழிப்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் என்னையும் பாத்து சிரிப்பாங்க.”

திமிராகச் சொல்லியிருந்தால் சமையல்காரி ஒரு அதட்டல் போட்டிருப்பாள். ஆனால் அந்தக் குரலில் திமிர் இல்லை. பயம்தான் இருந்தது.

அம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சமையல்காரியின் பக்கம் திரும்பினாள்.

சமையல்காரி மலைப்பேச்சுக்கு மாறினாள். விழாவில் கூட்டம் நெரியுமாம், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்குமாம், உன் முழங்காலை நினைத்துத்தான் கவலைப்படுகிறாள், அலைய வேண்டாம் என்கிறாள் என்றாள்.

இந்த மாதிரி எத்தனையோ சொல்லியாகிவிட்டது. இந்த அறையில் அவள் காதுக்கு வந்த ஒரு வார்த்தைகூட வந்தபடியே அவள் வாயிலிருந்து போனதில்லை.

அம்மா முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு, அப்படியே ஆகட்டும், எனக்கும் அன்றைக்குக் காட்டில் வேலை கிடக்கிறது என்றாள். ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்கச் சொன்னாள்.

கேட்டதற்கு மகள் ‘ம்’ என்றாள். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சுவரில் மின்விசிறி கிறீச்சிட்டுத் திரும்பியது.

“எப்ப வந்தாலும் இப்படியே பாத்துக்கிட்டு இருக்காங்க அக்கா,” என்றாள் மகள், ஜன்னல் கம்பியைச் சுரண்டியபடி. “எனக்கும் ஏதாச்சும் பேசணும்போல இருக்கு. என்ன பேசறதுன்னே தெரியல. இவங்க போனப்புறம் கக்கூஸ்ல போய் அழறேன்.”

இதைச் சொன்னால் இரண்டு பேரும் அழுவார்கள். தேற்றிவிட்டுப் போகச் சமையல்காரிக்குத் தெம்பில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று மழுப்பிவிடலாம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். மகள் விறைத்து நின்றாள். பிறகு கொஞ்சம் தளர்ந்தாள்.

வகுப்பு மணி அடித்தது. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

சமையல்காரி வாசல் கேட் வரை அம்மாவோடு போனாள். வாசலில் நின்று அம்மா, “அடுப்புல வேலை கெடக்கும். நீங்க போங்க அக்கா” என்றாள்.

சரியென்று தலையாட்டித் திரும்பி நாலெட்டு வைத்த பிறகுதான் சமையல்காரிக்கு உறைத்தது.

கீழ்ப்பேச்சு. ஒவ்வொரு சொல்லையும் பாறையில் கால் வைப்பதுபோல் நிதானித்து வைத்த கீழ்ப்பேச்சு.

திரும்பிப் பார்த்தாள். அம்மா லேசாகச் சிரித்தாள்.

“எங்க மலையில பெரியவங்களுக்குச் சாயங்கால வகுப்பு வச்சாங்க. அரசாங்கம்தான். எல்லாரும் நின்னுட்டாங்க. நான் மட்டும் போறேன்.” ஒரு சொல்லைத் தேடி நின்றாள். கிடைத்தது. “இன்னிக்கு அவகிட்ட அவ பேச்சுலயே பேசணும்னுதான் வந்தேன். அவ முந்திக்கிட்டா.”

சமையல்காரிக்குக் காதெல்லாம் சுட்டது. தான் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

“உள்ள வா. இப்பவே அவகிட்ட சொல்லிடலாம்.”

“வேணாம் அக்கா.” தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்து அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். “எனக்குப் புரியாதுன்னு நெனச்சாத்தான் மனசுல உள்ளத என் முன்னால பேசுவா. அடுத்த தடவையும் நீங்களே வந்து சொல்லுங்க. இன்னிக்குச் சொன்ன மாதிரியே.”