சுண்டுவிரல் நடத்திய கச்சேரி

“அஞ்சு லட்சம் பேரை இந்தச் சுண்டுவிரல் பாட வெச்சுது,” என்றார் ஓய்வுபெற்ற சவுண்டுக்காரர். “ஒரு ராக் குழுவோட கடைசிக் கச்சேரியில பாடகன் மைக்கை அணைச்சிட்டேன். முழுப் பாட்டையும் கூட்டம்தான் பாடிச்சு.”

“எதுக்கு மாமா?” என்றாள் புது மருமகள்.

“மேடையில என்னை ‘வயர் சுத்துறவன்’னு அறிமுகப்படுத்தினான்.”

“அளந்து விடாதீங்க மாப்ளே,” என்று சிரித்த மனைவியின் அண்ணன், கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டைச் சுழலவிட்டார். பாடகனின் குரல் தேனாக வழிந்தது. “அப்ப இது யாரு, உங்க சுண்டுவிரலா?”

“அது அப்புறமா ஸ்டுடியோவுல பாடி ஒட்டினது மச்சான். இப்ப இதைக் கேளுங்க.”

மேடையடியில் ஒரு ரசிகன் திருட்டுத்தனமாகப் பதிந்த கேசட் அது. அதை அவர் ஊர் ஊராகத் தேடிப் பிடித்திருந்தார். அதில் கூட்டம் வானம் கிழியப் பாடியது. பாடகன் குரலே இல்லை. பாட்டு அடங்கிய நொடியில், மேடையிலிருந்து யாரோ கெஞ்சினார்கள்.

“மாப்ளே, கால்ல விழறேன், மைக்கைப் போடுங்க.”

எல்லோரும் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள். சவுண்டுக்காரர் ரசித்து ரசித்து அந்த இடத்தையே மறுபடியும் ஓடவிட்டார். பிறகு இன்னொரு தடவை.

“நிறுத்துங்க மாப்ளே,” என்றார் அந்த முன்னாள் பாடகர். “கூட்டம் ஐயாயிரம்தான். மத்ததெல்லாம் நடந்தது.”