தோன்றா எழுவாய்

காலையில் அரிசி டப்பாவின் மேல் சவரிமுத்து வைத்துவிட்டுப் போன தாளில் இரண்டே சொற்கள் இருந்தன: தேட வேண்டாம். பள்ளியில் தமிழ் நடத்தும் அவன் மனைவி ரெஜினா, புரியாத பத்தியைப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழியிலேயே அதைப் படித்தாள். முதலில் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். தெரியாத சொல்லை அடிக்கோடிட வேண்டும்; அப்படி ஒன்றும் இல்லை. பிறகு வினையை வட்டமிட்டு, அதனிடம் ‘யார்’ என்று கேட்க வேண்டும். யார் தேட வேண்டாம்? தாளில் பதில் இல்லை. ஓரத்தில் ‘தோன்றா எழுவாய்’ என்று குறித்தாள். குக்கர் ஏழாவது விசில் அடித்ததை எண்ணினாள், எழவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்த சவரிமுத்துவின் தங்கை விண்ணரசி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“அண்ணன் என்ன எழுதி வச்சிருக்கு, மதினி?”

ரெஜினா தாளை நீட்டினாள்.

விண்ணரசி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். “யாருக்குன்னு போடலயே. எனக்குமா?”

ரெஜினா தாளைத் திரும்ப வாங்கி, ‘தேட’ என்பதற்கு முன்னால் சிவப்பு மையில் ‘நீ’ என்று சேர்த்தாள்.

“இது எனக்கு. நீ போயித் தேடு.”