சத்தியமா படிக்கல

"சத்தியமா ஒண்ணுமே படிக்கலடி."

தேர்வு அறை வாசலில் நின்ற நாலு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். சொன்னவள் வகுப்பிலேயே முதல் மாணவி. எந்தப் பாடமானாலும் தொண்ணூற்றெட்டுக்குக் குறையாததால் அவளுக்குப் பெயரே 'தொண்ணூத்தெட்டு'தான்.

"போன தடவையும் இதையேதான் சொன்ன," என்றாள் அறைத்தோழி. "யார் காதுல பூ சுத்துற?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. விடிய விடியப் படித்தவர்கள்தான் அந்த வராந்தாவில் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். போன தடவை தொண்ணூத்தெட்டு சொன்னதும் பச்சைப் பொய். இந்தத் தடவை உண்மை. புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே கண் நின்றுவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. ஒழுங்காகத் தூங்கிப் பல நாளாகிவிட்டது.

வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். எதிரே வந்த பேராசிரியரிடம் சொன்னாள். "நீயே இப்படிச் சொன்னா மத்தவங்க எங்க போவாங்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"எப்பவும் இப்படித்தான் சொல்லுவ, அப்புறம் மார்க்கை அள்ளிட்டு வருவ. போய் எழுதுடி கண்ணு."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பயமாக இருந்தது.

கடைசியாக ஆடி அசைந்து வந்தாள் 'அரியர் அக்கா'. போன வருடம் எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டுவிட்டு, இப்போது இவர்களோடு மறுபடி எழுதுகிறவள். கையில் ஒரே ஒரு பேனா. அவளைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை, தொண்ணூத்தெட்டும் செய்திருக்கிறாள்.

"என்ன, உள்ள போகலையா?"

"ஒண்ணுமே படிக்கலக்கா," என்று சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. பேனாவைப் பையில் போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வா, நம்ம காலேஜ் டாக்டரம்மாகிட்ட போகலாம். இந்நேரம் வந்திருப்பாங்க. நானும் கூட வரேன்."

"உங்களுக்குப் பரீட்சை?"

"அது எங்க ஓடிப்போகுது? அடுத்த தடவை எழுதிக்கிறேன்."

"யாருமே நம்பலக்கா. நீங்க மட்டும் எப்படி நம்புறீங்க?"

படியிறங்கிக்கொண்டே அக்கா சொன்னாள்: "போன வருஷம் இதே வாசல்ல நானும் சொன்னேன், யாரும் நம்பல. அப்ப என் பேரு தொண்ணூத்தொம்பது."